ரெட் சின்ட்ரோமும் ஏட்ரியன் பேர்ட் துரத்திய மெத்தில் குறியும்

உங்கள் கேள்வியை அப்படியே முதலில் வைத்துவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். அக்கா மகளுக்கு இரண்டரை வயதில் ரெட் சின்ட்ரோம் என்று உறுதியாகியிருக்கிறது. (ஒரு வயது வரை நன்றாக வளரும் சிறுமிகளைப் பின்னர் பாதிக்கும் மூளை நோய் இது.) தேடிப் பார்த்தால் ஓர் இடத்தில் மரபணு நோய் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் எபிஜெனெடிக் நோய், அதாவது டி.என்.ஏ. எழுத்து மாறாமல் அதன் மேலுள்ள வேதிக்குறிகள் சம்பந்தப்பட்ட நோய், என்கிறார்கள். எபிஜெனெடிக் என்றால் சாப்பாட்டையும் பழக்கவழக்கத்தையும் மாற்றினால் சரியாகும் என்று ஒருவர் உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். எலிகளில் இந்த நோயை முழுசாகத் திருப்பிவிட்டார்கள் என்றும் எங்கோ படித்திருக்கிறீர்கள். இதில் எது உண்மை?

நேரடியாகச் சொல்கிறேன். ரெட் சின்ட்ரோம் மரபணு நோய்தான். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மெக்பி-2 என்ற மரபணுவில் ஏற்படும் பிறழ்வுதான் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிலும் காரணம். சாப்பாடு, தியானம், கர்ப்ப காலத்தில் அம்மா பட்ட கவலை, இவை எதனாலும் இது வருவதில்லை. எதை மாற்றினாலும் போவதும் இல்லை. இதை உங்கள் அக்காவிடம் அழுத்திச் சொல்லுங்கள். எலிகளில் திருப்பியது உண்மை. 2007இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்தது. ஆனால் அந்தச் சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்று புரிய வேண்டுமானால், அதைச் செய்தவர் அந்த இடத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்று தெரிய வேண்டும். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அவர் ஏட்ரியன் பேர்ட். 1947இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தார். எடின்பரோவில் மாக்ஸ் பிர்ன்ஸ்டீலிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். பிறகு யேல், சூரிக். 1975 வாக்கில் மீண்டும் எடின்பரோ, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பாலூட்டி மரபுத்தொகுதிப் பிரிவில். நோய் எதையும் குணப்படுத்தும் எண்ணத்தோடு அவர் ஆரம்பிக்கவில்லை. டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன வேதிக்குறி எதற்காக இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் குறிதான் மெத்தில்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே. முதுகெலும்பிகளின் டி.என்.ஏ.வில் இது சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் ஏறுகிறது. அதுவும் பெரும்பாலும் சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்களில் மட்டும். இந்த ஜோடியைத்தான் சிபிஜி என்கிறார்கள். எதிர் இழையிலும் அதே இடத்தில் சிபிஜியே வரும் என்பதைக் கவனியுங்கள். செல் பிரியும்போது பழைய இழையில் குறி இருக்கும், புது இழையில் இருக்காது. பழையதைப் பார்த்துப் புதியதில் குறியை ஏற்ற ஒரு நொதி இருந்தால், எழுத்து எதையும் மாற்றாமலேயே ஒரு செய்தி செல்லிலிருந்து செல்லுக்குப் போய்விடும். 1975இல் ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் ஒரு பக்கம், ஆர்தர் ரிக்ஸ் இன்னொரு பக்கம், தனித்தனியாக இப்படி ஒரு யோசனையை எழுதினார்கள். நல்ல யோசனை. ஆனால் கையில் சான்று இல்லை.

சான்று எடுக்கக் கருவி வேண்டும். பேர்ட் இருந்த அதே பிரிவில்தான் எட் சதர்ன் இருந்தார். மாலிக்யூலர் பயாலஜி படித்தவர்கள் எல்லோரும் செய்திருக்கும் சதர்ன் பிளாட் (டி.என்.ஏ. துண்டுகளில் வேண்டியதை அடையாளம் காணும் முறை) அவர் பெயரில் வந்ததுதான். இருவரும் பயன்படுத்தியது இரண்டு ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகளை. ஹெச்.பி.ஏ-2, எம்.எஸ்.பி-1 என்ற இரண்டுமே சிசிஜிஜி என்ற நான்கெழுத்தில் வெட்டும். ஆனால் நடுவில் உள்ள சிபிஜியில் மெத்தில் ஏறியிருந்தால் முதலாவது வெட்டாது. இரண்டாவது அதைப் பொருட்படுத்தாமல் வெட்டும். ஒரே டி.என்.ஏ.வை இரண்டாலும் தனித்தனியாக வெட்டி, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால், எங்கே மெத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆப்பிரிக்கத் தவளையின் ரைபோசோம் மரபணுக்களில் இதைச் செய்தார்கள். 1978இல் கட்டுரைகள் வந்தன. ஓர் இடத்தில் இரண்டு இழைகளிலும் மெத்தில் இருக்கும், அல்லது இரண்டிலும் இருக்காது. ஹாலிடேயும் ரிக்ஸும் சொன்ன நகலெடுப்புக்கு இது நன்றாகவே பொருந்தியது.

அடுத்த கண்டுபிடிப்பு உங்கள் கேள்விக்கு நேராக வந்து சேரும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் டி.என்.ஏ.வில் சிபிஜி ஜோடிகள் இருக்க வேண்டிய எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கின்றன. ஏன் இந்தப் பஞ்சம்? சைட்டோசின் அவ்வப்போது தானாகவே ஓர் அமினோ பகுதியை இழந்து சிதையும். சாதாரண சைட்டோசின் சிதைந்தால் யுராசில் ஆகிறது. டி.என்.ஏ.வில் யுராசிலுக்கு வேலையே இல்லை, பழுதுபார்க்கும் நொதிகள் கண்டுபிடித்து எடுத்துவிடும். மெத்தில் ஏறிய சைட்டோசின் சிதைந்தால் தைமின் ஆகிவிடுகிறது. தைமின் டி.என்.ஏ.வின் சொந்த எழுத்து. அது வேற்றாள் என்று எளிதில் தெரியாது. அப்படியே தங்கிவிடும். ஆக, மெத்தில் ஏறும் இடமெல்லாம் காலப்போக்கில் சி (சைட்டோசின்) போய் டி (தைமின்) ஆகும் இடம். கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிபிஜிக்கள் கரைந்துபோனது இதனால்தான் என்று பேர்ட் 1980இல், பல விலங்குகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுக் காட்டினார். மெத்திலேற்றம் அதிகமுள்ள உயிர்களில் சிபிஜி குறைவு. மெத்திலேற்றம் இல்லாத பூச்சிகள் போன்றவற்றில் அப்படிப் பஞ்சம் இல்லை.

இப்போது உங்கள் அக்கா மகள் விஷயத்துக்கு வருவோம். மெக்பி-2 மரபணுவில் உலகெங்கும் திரும்பத் திரும்பக் காணப்படும் பிறழ்வுகள் எட்டு. ரெட் சின்ட்ரோம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இந்த எட்டில் ஒன்றுதான் இருக்கும். எட்டுமே சிபிஜியில் சி போய் டி வந்த மாற்றங்கள்! மேற்சொன்ன அதே சிதைவுதான். விந்தணுவின் டி.என்.ஏ.வில் மெத்தில் மிக அதிகம். அதோடு விந்தணுக்கள் வாழ்நாள் முழுக்க உருவாகிக்கொண்டே இருப்பவை. அதனால் இந்தப் பிறழ்வு பெரும்பாலும் தந்தை வழியில், ஒரே ஒரு விந்தணுவில் புதிதாக உண்டாகிறது. அப்பாவின் உடலில் அந்தப் பிழை கிடையாது, அம்மாவின் உடலிலும் கிடையாது. அப்பா எதையும் தவறாகச் செய்ததால் வருவதும் இல்லை. சைட்டோசினின் வேதியியல் அப்படி. யார் பக்கக் குறை என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். இன்னொரு குழந்தை பற்றி யோசிக்கிறார்கள் என்றால் மரபணு ஆலோசகரை ஒருமுறை பார்ப்பது நல்லது. அரிதாக அம்மாவிடம் பிறழ்வு மறைந்திருப்பதுண்டு, பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சரி, எடின்பரோவுக்குத் திரும்புவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் பேர்ட் குழு எலியின் டி.என்.ஏ.வை ஹெச்.பி.ஏ-2 கொண்டு வெட்டியது. பெரும்பகுதி மெத்திலால் மூடியிருப்பதால் வெட்டுப்படாமல் ஜெல்லின் மேலேயே பெரிய துண்டுகளாக நின்றது. வழக்கமான சாயம் போட்டுப் பார்த்தால் அவ்வளவுதான் தெரியும், ஏனென்றால் சாயம் டி.என்.ஏ.வின் எடைக்கேற்பத்தான் ஒளிரும். இவர்கள் சாயத்துக்குப் பதில் ஒவ்வொரு துண்டின் முனையிலும் கதிரியக்க அணுவை ஒட்டினார்கள். இப்போது எடைக்குப் பதில் எண்ணிக்கை தெரிந்தது. ஜெல்லின் அடியில், மொத்த எடையில் ஒரு சதவீதம் போலத்தான் இருக்கும், மிகச் சின்னத் துண்டுகளின் பெருங்கூட்டம் ஒன்று பளிச்சென்று நின்றது. சிபிஜி நெருக்கமாக இருந்தும் மெத்தில் ஏறாத இடங்கள் அவை. 1985இல் அவற்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். இன்று சிபிஜி தீவுகள் என்று எல்லாப் பாடநூலிலும் இருப்பவை அவைதான். ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் எழுத்து நீளம். மனித மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் தொடக்கத்தில் இப்படி ஒரு தீவு இருக்கிறது. மரபணுத்தொகுதியின் எழுத்துவரிசை படிக்கப்படாத அந்தக் காலத்தில், மரபணு எங்கே இருக்கும் என்று தேடியவர்களுக்கு இது பெரிய வழிகாட்டியாக இருந்தது. அவருடைய ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. எதை எண்ணுகிறோம் என்பதை மட்டும் மாற்றினார்கள்.

மெத்தில் இல்லாத இடம் மரபணு வேலை செய்யும் இடம் என்றால், மெத்தில் உள்ள இடத்தில் மரபணு ஏன் அடங்கிக் கிடக்கிறது? அந்தக் குறியைப் படித்து அடக்கும் புரதம் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். 1987இல் வியன்னாவின் மூலக்கூறு நோயியல் நிறுவனத்துக்குப் போனபோது இந்தத் தேடலும் கூடவே போனது. 1989இல் மெத்தில் உள்ள டி.என்.ஏ.வில் மட்டும் ஒட்டும் ஒரு புரதத் தொகுதி கிடைத்தது, பெயர் மெக்பி-1. அடுத்துக் கிடைத்ததுதான் மெக்பி-2. அதைத் தூய்மைப்படுத்தி, அதன் மரபணுவையும் கண்டுபிடித்து 1992இல் வெளியிட்டார்கள். 1998இல் இன்னொரு துண்டு பொருந்தியது: மெக்பி-2 ஒரு பக்கம் மெத்திலைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கம், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் என்ற குறியை நீக்கும் நொதிகளை இழுத்து வருகிறது. அப்படி நீக்கினால் டி.என்.ஏ. இறுகும், மரபணு அடங்கும்.

இதே வியன்னாவில்தான் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். 1954இல் தன் காத்திருப்பு அறையில், தாய்மார்களின் மடியில் உட்கார்ந்திருந்த இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கைகளைப் பிசைந்துகொண்டே இருப்பதைக் கவனித்தவர். உங்கள் அக்கா தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அசைவுதான். 1966இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1983இல் ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெர்க் தன் சகாக்களோடு 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஒரே ஊரில் நோயைக் கண்ட மருத்துவரும் புரதத்தைத் தேடிய ஆய்வுக்கூடமும் இருந்தும், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தெரிய வந்தது 1999இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில். பேலர் மருத்துவக் கல்லூரியின் ஹூடா ஜோக்பி, ரெட் சின்ட்ரோம் சிறுமிகளைத் தன் கிளினிக்கில் பார்த்த நாளிலிருந்து பல ஆண்டுகள் மரபணுவைத் துரத்தினார். கடைசியில் அவர் குழுவினர் போய் நின்ற இடம் மெக்பி-2. பேர்டுக்கு இது எதிர்பாராத செய்தி. ஏனென்றால் 1996இல் அவர் குழுவே, மெக்பி-2 இல்லாவிட்டால் எலியின் கரு உருவாகவே முடியாது என்று வெளியிட்டிருந்தது. அது சரியென்றால் இந்தப் பிறழ்வோடு குழந்தை பிறந்து, ஒரு வயது வரை நன்றாக வளர்வது எப்படி? பேர்ட் குழு வேறு முறையில் மரபணுவை நீக்கிப் பார்த்தது. எலிகள் பிறந்தன, சில வாரம் நன்றாகவே இருந்தன, அப்புறம் நடை தடுமாறியது, மூச்சு ஒழுங்கு தவறியது, ஆண் எலிகள் சுமார் இரண்டு மாதத்தில் இறந்தன. 2001இல் பழைய முடிவைத் திருத்தும் இந்தக் கட்டுரையை அவர்களே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ரூடால்ஃப் யானிஷ் குழுவும் அதே ஆண்டு அதே முடிவுக்கு வந்தது. மூளையில் மட்டும் மரபணுவை நீக்கினாலும் நோய் வந்தது.

இந்த எலிகளை உற்றுப் பார்த்தபோது ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. மூளையில் நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், சாகவில்லை. சிறுத்திருந்தன, கிளைகள் குறைந்திருந்தன, ஆனால் உயிரோடு இருந்தன. அப்படியானால் புரதத்தைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? அக்காலத்தில் பலருடைய நம்பிக்கை, மூளை வளரும்போது தவறவிட்டதைப் பின்னால் சரிசெய்ய முடியாது என்பதுதான்.

2007 சோதனை இப்படி நடந்தது. ஜாக்கி கை, பேர்ட், இன்னும் மூவர் அதைச் செய்தார்கள். எலியின் மெக்பி-2 மரபணுவுக்குள் ஒரு தடுப்புத் துண்டைச் செருகினார்கள். தடுப்பு இருக்கும்வரை புரதம் வராது, நோய் வரும். கூடவே, டமாக்சிஃபென் என்ற மருந்து கொடுத்தால் மட்டும் வேலை செய்து அந்தத் துண்டை வெட்டி எறியும் நொதியும் எலியின் செல்களில் இருந்தது. எலி நோயில் விழும்வரை காத்திருந்தார்கள். நடக்க முடியாமல், ஒழுங்காக மூச்சுவிட முடியாமல், சில நாளில் செத்துவிடும் என்ற நிலையில் டமாக்சிஃபென் ஊசி போட்டார்கள். மரபணுவை எல்லாச் செல்களிலும் சடாரென்று திறந்தபோது பல எலிகள் இறந்தன. வாரம் ஒன்றாகக் கொடுத்து மெதுவாகத் திறந்தபோது பெரும்பாலானவை பிழைத்தன. பிழைத்தது மட்டுமல்ல, நடை திரும்பியது, மூச்சு சீரானது, நல்ல எலிகளிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குத் தேறின. முதிர்ந்த பெண் எலிகளிலும் இது நடந்தது. நோய் கண்ட சிறுமிகளைப் போலவே அவற்றுக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று நல்லது, ஒன்று பழுது.

ஆக, நீங்கள் படித்தது உண்மை. ஆனால் அங்கே செய்தது சிகிச்சை அல்ல. கருவாகும்போதே அந்த எலிகளின் செல்களுக்குள் ஒரு பூட்டையும் அதன் சாவியையும் வைத்துவிட்டுத்தான் திறந்து காட்டினார்கள். டமாக்சிஃபென் ரெட் சின்ட்ரோமுக்கு மருந்து கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சோதனை காட்டியது இதை: நோயால் மூளை அழிந்துபோவதில்லை, புரதம் சரியான அளவில் திரும்பி வந்தால் மீளும் திறன் அதற்கு இருக்கிறது. உலகெங்கும் மரபணு சிகிச்சை முயற்சிகளுக்குத் துணிச்சல் கொடுத்தது இந்த ஒரு முடிவுதான்.

“சரியான அளவில்” என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். மெக்பி-2 குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய். இந்த மரபணு இரட்டிப்பாகிப் பிறக்கும் பையன்களுக்குக் கடுமையான வேறொரு நரம்பு நோய் வருகிறது. அப்புறம், பெண் குழந்தையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைக்கப்பட்டிருக்கும். எது அணைகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். அதனால் உங்கள் அக்கா மகளின் மூளையில் ஏறக்குறைய பாதி நியூரான்கள் நல்ல புரதத்தோடுதான் இருக்கின்றன. சிகிச்சையில் புது மரபணு அந்த நல்ல செல்லுக்குள்ளும் போனால் அங்கே அளவு கூடிவிடும். இந்தத் துறையில் எல்லோரும் முட்டி மோதும் சுவர் இதுதான்.

பேர்ட் குழு அதற்கும் ஒரு வழி திறந்தது. குழந்தைகளில் நோய் தரும் ஓரெழுத்து மாற்றங்களையும், நோயில்லாத மக்களிடம் காணப்படும் மாற்றங்களையும் ஒரே வரைபடத்தில் அடுக்கினால், நோய் தருபவை இரண்டே இடங்களில் குவிகின்றன. ஒன்று மெத்திலைப் பிடிக்கும் பகுதி. மற்றது என்.காப் என்ற அடக்கும் புரதத் தொகுதியைப் பிடிக்கும் பகுதி. 2013இல் இதை அடையாளம் கண்டார்கள். மீதிப் பகுதி அவ்வளவு முக்கியமில்லையா? 2017இல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மிச்சம் வைத்து, மற்றதையெல்லாம் வெட்டிய குட்டிப் புரதத்தை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் பெரும்பாலும் நன்றாக வாழ்ந்தன. மரபணுவைச் சுமந்து போகும் வைரஸில் இடம் மிகக் குறைவு. புரதம் சிறிதானால், அளவைக் கட்டுப்படுத்தும் அமைப்பையும் கூடவே ஏற்றலாம். இப்போது மனிதர்களில் சோதிக்கப்படும் மரபணு சிகிச்சைகளில் ஒன்று இந்தக் குட்டி மெக்பி-2 வழியில் வந்ததுதான்.

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: 2011இல் கெய்ர்ட்னர் விருது, 2014இல் சர் பட்டம், ஜோக்பியோடு சேர்ந்து 2016இல் ஷா பரிசும் 2020இல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசும். 1990 முதல் எடின்பரோவில் அவர் வகித்தது புக்கானன் மரபியல் பேராசிரியர் பதவி. எபிஜெனெடிக்ஸ் என்ற பெயரையே வைத்த கான்ராட் வாடிங்டன் ஒரு காலத்தில் வகித்த அதே பதவி.

உங்கள் அக்காவிடம் பேசியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அம்மா அப்பாவின் அனுபவங்கள் மெத்தில் குறியாகப் பதிந்து பேரன் பேத்தி வரை போகும் என்ற பேச்சு இன்று எங்கும் இருக்கிறது. மெத்தில் ஆய்விலேயே வாழ்நாளைக் கழித்த பேர்ட், பாலூட்டிகளைப் பொறுத்தவரை இதை ஏற்கத் தயங்குபவர். காரணம் எளிது. கருவுற்ற பிறகு ஒருமுறை, கருவுக்குள் இனச்செல்கள் உருவாகும்போது ஒருமுறை, மெத்தில் குறிகள் பெருமளவு அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். ரெட் சின்ட்ரோமில் மெத்தில் குறிகள் ஒழுங்காகவே இருக்கின்றன. படிக்கும் புரதம்தான் பழுது. ‘எபிஜெனெடிக் நோய்’ என்று சிலர் எழுதுவது அந்தப் புரதத்தின் வேலையை வைத்து. வாழ்க்கைமுறையால் வந்தது என்ற பொருளில் யாரும் எழுதவில்லை. மெத்திலைச் சரிசெய்கிறேன் என்று மாத்திரை, பொடி விற்பவர்களிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

இன்றைய நிலை: 2023இல் அமெரிக்காவில் ட்ரோஃபினெடைடு என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ரெட் சின்ட்ரோமுக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து. அறிகுறிகளைச் சிலருக்குக் கொஞ்சம் குறைக்கிறது, வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும் பக்கவிளைவு. மரபணுவை அது தொடுவதில்லை. அதே 2023இல் மரபணு சிகிச்சையின் மனிதச் சோதனைகள் தொடங்கின. அவற்றில் ஒன்றில் அதிக அளவு டோஸ் பெற்ற ஒருவர் 2024இல் இறந்துபோனார், அந்த டோஸ் நிறுத்தப்பட்டது. அந்தச் சோதனை குறைந்த டோஸோடு தொடர்ந்தது. அதற்குள் குழந்தைக்குச் செய்ய வேண்டியவை இருக்கின்றன: பிசியோதெரபி, வலிப்பு இருந்தால் அதற்கான மருந்து, முதுகுத்தண்டு வளைகிறதா என்று தவறாமல் பார்ப்பது, பேச்சு வராவிட்டாலும் கண்ணால் பார்த்துக் காட்டித் தொடர்புகொள்ளப் பழக்குவது. இந்தக் குழந்தைகளில் பலர் கண்ணால் நிறையச் சொல்வார்கள். உடலை நல்ல நிலையில் வைத்திருந்தால்தான் நாளைக்கு ஒரு சிகிச்சை வரும்போது அதன் முழுப் பலனும் கிடைக்கும்.

மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ஆர்.168.எக்ஸ், டி.158.எம் என்பது போல ஒரு குறியீடு இருக்கும். குழந்தையின் பெயர், மருத்துவமனை எதுவும் வேண்டாம், அந்தக் குறியீட்டை மட்டும் எழுதுங்கள். புரதத்தின் எந்தப் பகுதியில் அது விழுகிறது, அதைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறது என்று விளக்குகிறேன். நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது என்ன கேட்கலாம் என்பதும் அப்போது தெளிவாகும்.